நகத்துக்கு என்று சொன்னேன்

ஜூலை 6, சனி

விடாத மழை. கூடலூர் பஸ் லேட். நடுவட்டத்தில் ஏறி ஊட்டி வரை நின்றுகொண்டே. வீட்டில் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். முதல் பொய்.

ஹிப்னாடிசம் டாக்டர் கோயமுத்தூர்க்காரர். சனிக்கிழமை மட்டும் ஊட்டி. சின்ன வயசு. "சொல்லுங்க, என்ன பிரச்சனைங்க?"

பஸ்ஸில் மனப்பாடம் பண்ணினது: கண்ணில் படுகிற சின்னப் பொருளை எடுத்துவிடுகிறேன் டாக்டர், எனக்குத் தேவையே இல்லை, ஆனாலும் கை நிற்கமாட்டேங்குது. வாயில் வந்தது: "நகம் கடிக்கிறேன் டாக்டர்." இரண்டாவது பொய். கடிப்பேன்தான், அதனால் பாதிப் பொய்.

சினிமா மாதிரி கடிகாரம் எதுவும் ஆட்டவில்லை. நல்லவேளை. ஆபீஸ் மல்லிகாவின் வாட்ச் வியாழன் முதல் என் அலமாரியில். கண்ணை மூடச் சொன்னார். "தூங்கமாட்டீங்க, எல்லாம் கேக்கும். இப்ப நீங்க ஒரு அமைதியான எடத்துல இருக்கீங்க. மலை. தேயிலைத் தோட்டம். மூடுபனி."

அது என் ஆபீஸ், டாக்டர். இலை லாரி வந்திருக்குமா என்றுதான் யோசனை ஓடியது.

"வலது கை கனமாயிட்டே வருது. தூக்க முடியாது." விரலை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். வந்தது. உடனே கீழே போட்டு, முடியாத மாதிரி நடித்தேன். பாவம், சந்தோஷப்பட்டார்.

ஜூலை 8, திங்கள்

சாரல். துணி காயவில்லை.

காலையில் அலமாரியிலிருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். ஏன் பார்க்கிறேனோ. ஸ்பூன் 4. மேனேஜரின் கண்ணாடி உறை. சாவி 1, எந்தப் பூட்டுக்கோ. பச்சை ஹேர்கிளிப், ஆபீஸ் கூட்டுகிற செல்வியின் மகளுடையது. வாட்ச். ஒன்றையும் ஒரு நாள்கூடப் பயன்படுத்தியதில்லை.

வாட்ச் காணோம் என்று மேனேஜர் செல்வியின் பையைக் கொட்டச் சொன்னார். டிபன் டப்பா, குடை, தைலம், ஒரு ஜோடி சாக்ஸ். "கை கழுவுற எடத்த நீதானே தொடச்ச?"

"தொடச்சனுங்க. வாட்ச்ச பாக்கலீங்க."

அழவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள். நான் தபால் ரெஜிஸ்டரில் குனிந்திருந்தேன். அசிங்கம்.

ஜூலை 9, செவ்வாய்

எல்லோரும் வருவதற்கு முன்னால் ஆபீஸ் போய் வாட்ச்சைக் கை கழுவும் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். தானாகக் கிடைக்கும், செ. தப்பிப்பாள். என் புத்திசாலித்தனம்.

பத்து மணிக்குக் கிடைத்தது. மல்லிகா: "பாத்தீங்களா, பயந்து போயி திருப்பி வச்சிட்டா." எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேனேஜர் ஒப்புக்குக் கேட்டார். "வேற யாராவது அந்தப் பக்கம் போனதப் பாத்திருந்தா கை தூக்குங்க."

என் வலது கை மடியில். டாக்டர் சொன்ன அதே கனம். இன்று நடிக்கவில்லை, தூக்கவே முடியவில்லை. யாரும் என்னை மயக்கவும் இல்லை.

செ.க்கு வேலை போச்சு. திங்கள் வந்து ஆபீஸ் சாவியைக் கொடுக்கணுமாம்.

ஜூலை 13, சனி

மழை விட்டது. இரண்டாம் தடவை. நகம் வளர்ந்திருக்கு. நிஜமாகவே. டாக்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். "அஞ்சாறு தடவ ஆகும்னு நெனச்சேங்க. வேற ஏதாச்சும் சொல்லணுங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

பஸ்ஸில் சில்லறைக்குப் பையைத் துழாவினால் டாக்டரின் பேனா. எப்போது எடுத்தேன்? வெட்கமாக இருக்கிறது. இதை எழுதுவதும் அந்தப் பேனாவில்தான்.

ஜூலை 15, திங்கள்

வெயில். டின் பையில்.

செ. சாவி கொடுக்க வந்தாள். ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "வாட்ச் எடுத்தது நான், செல்வி."

சிரித்தாள். "ஏனுங்க்கா, எனக்காவப் போயி நீங்க பழிய ஏத்துக்குவீங்களா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நகமெல்லாம் அழகா வளந்திருக்குது. இந்தக் கையா எடுக்கும்?"

டின்னைத் திறந்து பச்சைக் கிளிப்பை எடுத்துக் காட்டினேன். பொங்கல் லீவில் மகள் ஆபீஸுக்கு வந்தபோது தொலைத்தது.

செ. என் கையை விட்டாள். கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதத் தொலச்சிட்டான்னு அவள அடிச்சனுங்களே."

அப்போதும் 'ங்க' விடவில்லை.

டின்னை அவளே எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு நடந்தாள். நான் பின்னால்.

உள்ளே நடந்ததை இன்னிக்கு எழுத முடியாது. பத்து நகமும் போச்சு.