ஆமாவும் சொல்ல மாட்டேன், இல்லையும் சொல்ல மாட்டேன்

அன்புத் தங்கச்சி முட்டைக்கண்ணிக்கு,

அண்ணன் வாயால சொல்ல, உன் அண்ணி கையால எழுதுற கடுதாசி. நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமா இல்லேன்னு தெரியும், அதனால அதக் கேக்கல.

உன் கடுதாசி வந்தப்போ கடையில ஒரு ஆளுக்குப் பாதி முகம் சவரம் பண்ணியிருந்தேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, உன் அண்ணியக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு மெதுவா வாசிக்கவே வராது, ஏலம் போடுற மாதிரிதான் வாசிப்பா. நீ அழுதது, உன் பெரிய புரொபசர் திட்டினது, எல்லாத்தையும் அந்தப் பாதிச் சவர ஆளும் கேட்டுட்டாரு. கடைசியில நீ எழுதியிருந்த பாரு, "அண்ணா, உனக்கு இப்ப கண்ணுல ஆழம் தெரியுதா, எது கிட்ட இருக்கு, எது தள்ளி இருக்குன்னு? ஆமாவா, இல்லையா, ஒரே ஒரு சொல்லு எழுதிப் போடு. இல்லேன்னா இந்த மாசக் கடைசியில ஆராய்ச்சிய நிறுத்துற காகிதத்துல கையெழுத்து போட்டுட்டு மூக்குக்கண்ணாடிக் கம்பெனி வேலைக்குப் போயிடுறேன்"னு. அதக் கேட்டதும் அந்த ஆளு, நானா இருந்தா உடனே சொல்லிடுவேன், கூடப் பிறந்தவ பாவம்னாரு. நீங்க முதல்ல வாய மூடுங்க, கன்னம் ஆடுது, வெட்டிடப் போறேன்னு சொன்னேன்.

சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆமாவும் சொல்ல மாட்டேன், இல்லையும் சொல்ல மாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் சரி.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைய உக்கார வச்சு சொன்னது உனக்கும் தெரியும். உங்க தங்கச்சி நடத்துற ஆராய்ச்சி இது, சொந்தக்காரர்னு எழுதிக் குடுத்துத்தான் உங்களச் சேர்த்திருக்கோம், அதுக்கு ஒரே ஒரு நிபந்தனை, கண்ணுல என்ன மாறுது, என்ன மாறலேன்னு கடைசி அளவு எடுக்கிற வரைக்கும் தங்கச்சிகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க. சரின்னு தலையாட்டிட்டு வெளிய வந்தப்புறம்தான் எவ்வளவு பெரிய வம்ப விலைக்கு வாங்கியிருக்கோம்னு புரிஞ்சுது. ஏம்மா, பேசாம முடி வெட்டுற ஒருத்தனை நீ உலகத்துல எங்கயாவது பாத்திருக்கியா? ஊர்ல எவன் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு கூட என் கடையிலதான் முதல்ல தெரியும். அப்பேர்ப்பட்ட வாய இத்தன மாசம் தச்சு வச்சிருக்கேன். இப்ப வந்து தையலப் பிரின்னா எப்படி?

கண்ணுக்குப் பயிற்சின்னு எனக்குக் குடுத்தது நிஜ விளையாட்டா, சும்மா விளையாட்டான்னு எனக்கே தெரியாது. சிவப்பு பச்சைக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு தினம் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால உக்காந்து, மேல இருந்து சதுரக் கட்டி விழ விழ கீழ கூடையில பிடிக்கிறேன். நிஜ விளையாட்டுல கட்டி ஒரு கண்ணுக்கும் கூடை இன்னொரு கண்ணுக்கும்தான் தெரியுமாமே, ரெண்டும் கூட்டு சேர்ந்தாத்தான் பிடிக்க முடியுமாமே. சும்மா விளையாட்டுல ரெண்டு கண்ணுக்கும் எல்லாமே தெரியுமாம். எது எதுன்னு யாருக்கும் தெரியாம டாக்டரம்மா பூட்டி வச்சிருக்காங்க. உனக்கும் தெரியாது. அப்படி ஏன் வச்சேன்னு நீதானே சொன்ன? ஆசைப்பட்டவன் கண்ணு ஆசைப்பட்டதத்தான் பார்க்கும்னு. நல்ல சொல்லு. இப்ப அத நீயே மறந்துட்ட.

இங்க ஒரு விஷயம். கதை சொன்னா அது கிளை விட்டுப் போகும்னு தெரிஞ்சதுதானே, பொறுத்துக்க. நம்ம கடை வாசல்ல சுத்துமே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட குழாய், அத இன்னும் கழட்டல. மோட்டார் மட்டும் ரெண்டு தடவ மாத்தியாச்சு. நீ சின்னதா இருக்கறப்போ பெஞ்சுல உக்காந்து குழாயப் பார்க்க மாட்ட, குழாயப் பார்க்கிறவங்க கண்ணப் பார்ப்ப. அண்ணா, இவரு கண்ணு கோட்டோடயே நழுவுது, அப்புறம் டக்குன்னு திரும்பிக் குதிக்குதுன்னு கத்துவ. வர்றவங்க எல்லாம் உன் தங்கச்சி முறைக்கிறாப்பான்னு சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்குவாங்க. அதுல ஒரு ஆளு கடையவே மாத்திட்டான், அவனுக்குத் தலையில முடியே கிடையாது, அது வேற விஷயம்.

நீ படிச்சுப் பெரிசாகி என்னமோ பண்ணுவேன்னு பார்த்தா, இருட்டு ரூம்ல குட்டி மீனைக் கண்ணாடி ஜாடியில விட்டு, சுத்தி வரிக்கோட்டைச் சுத்த விட்டு, மீன் கண்ணு நழுவிக் குதிக்கிறத எழுதிக்கிட்டிருந்த. நான் வந்து பார்த்துட்டு, அடிப்பாவி, இது நம்ம கடைக் குழாய்தானேன்னு சிரிச்சேன். நீ சிரிக்கல. மீன் மூளையில எந்தத் துளி எந்தக் கோட்டுக்கு மினுக்குதுன்னு காட்டின. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா உன் முகம் அன்னிக்கு இருந்த மாதிரி அதுக்கப்புறம் நான் பார்க்கல.

அப்புறம்தான் மீனை விட்டுட்டு மனுஷங்ககிட்ட வந்த. என்னால வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்றியாம், அத நிறுத்து. எழுத்து படியறதுக்கு முன்னாலயே நான் ஓடி வந்த பள்ளிக்கூடத்துல என்னைய ஒண்ணரைக் கண்ணான்னு கூப்பிட்டவங்களாலயும்தான் வந்த. என் இடது கண்ணுல பழுதே இல்ல, மூளைதான் அது பேச்சக் கேக்கறதில்லேன்னு நீ கண்டுபிடிச்சு சொன்ன அன்னிக்கு நான் என்ன சொன்னேன் ஞாபகமிருக்கா? அப்ப அதுவும் நம்ம வீட்டுப் பொம்பளைங்க மாதிரிதான், பேசிக்கிட்டேதான் இருக்கு, எவனும் காது குடுக்கலேன்னேன். (இந்த இடத்துல உன் அண்ணி பேனாவ வச்சுட்டு என்னைய ஒரு பார்வை பார்த்தா. சரி, மேல எழுதுன்னேன்.)

உன் புரொபசர் மேடையில வச்சு உன்னக் கேட்டாராமே, கிழவங்களுக்கெல்லாம் கண் திறக்கிற மந்திரம் கத்துக்கிட்டு வந்திருக்கியான்னு. எல்லாரும் சிரிச்சாங்களாமே. ஏழெட்டு வயசுக்கு மேல மூளை கண்ணு பேச்சப் புதுசாக் கேட்டுக்காது, அந்தக் கதவு சாத்திடும்னு அவரு புத்தகத்துல எழுதிட்டாரு, சரி. அவரு பொய் சொல்றாருன்னு நான் சொல்ல வரல. சாத்தியிருக்கலாம். ஆனா கதவு சாத்தியிருக்கான்னு தள்ளிப் பார்த்தாத்தானே தெரியும்? தெருவுல நின்னுக்கிட்டு சாத்தியிருக்கு, சாத்தியிருக்குன்னா, நீ உள்ள போக வந்தவனா, வாட்ச்மேனான்னுதான் நான் கேப்பேன்.

போன வாரம் அவரு ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணினாரு. குரல் வெண்ணெய் மாதிரி. உங்களுக்குத் தினம் சிரமமா இருக்கும், விருப்பமில்லேன்னா இப்பவே நின்னுக்கலாம், கடைசி அளவுக்கு வர வேண்டியதில்லேன்னாரு. நான் சொன்னேன், ஐயா, நான் நாள் முழுக்க நின்னுக்கிட்டு வேல பார்க்கிறவன், உக்காந்து விளையாடுறதுல என்ன சிரமம்? நான் நின்னுக்கிட்டேன்னு நீங்களா வேணா எழுதிக்குங்க, என் வாயில இருந்து அது வராதுன்னேன். டக்குன்னு வச்சுட்டாரு. ரெண்டு பேர் அந்த மாதிரி போன் வந்து நின்னுட்டதா டாக்டரம்மா சொன்னாங்க. நான் நிக்க மாட்டேன்.

நீ என்னைய மடக்கப் பார்ப்பேன்னு தெரியும். சின்ன வயசுலயே அப்படித்தான. அண்ணா, இப்பவும் கத்திரி பிடிக்கிறதுக்கு முன்னால சுண்டுவிரலக் காதுல வச்சுப் பார்க்கிறியான்னு நடுவுல நைசாக் கேட்டிருக்க. காது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்ணு சொல்லாததால விரல வச்சுப் பழகினவன் நான். அத ஏதோ பெரிய ஸ்டைல்னு நினைச்சு எதிர்க்கடைக்காரன் கூட இப்ப சுண்டுவிரல நீட்டுறான். ஆமா, இப்பவும் வைக்கிறேன். தேவைக்கா, பழக்கத்துக்கா, இல்ல உன்னைய ஏமாத்துறதுக்கான்னு நீயே மண்டையப் போட்டு உடைச்சுக்க. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்னு எழுதினா ஆமான்னு எடுத்துப்ப, இருமினேன்னு எழுதினா இல்லேன்னு எடுத்துப்ப. நான் சிரிக்கவும் இல்ல, இருமவும் இல்ல.

கேளு. நான் ஆமான்னு சொன்னா நீ சந்தோஷத்துல சண்டைக்குப் போவ, அவங்க அண்ணன்காரன் சொன்னத வச்சு ஆடுறாளேன்னு உன் கணக்கையே குப்பையில போடுவாங்க. இல்லேன்னா நீ கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவ, மத்தவங்க கண்ணு என்ன சொல்லுச்சுன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும். என் ஒத்தக் கண்ணா உனக்குக் கணக்கு? கடைசி அளவ எடுக்க விடு. பூட்டினதத் திற. ஒண்ணும் வரலேன்னா வரலேன்னு நீயே எழுது, உன் பேர் போட்டு எழுது. தோத்தா தோத்தேன்னு சொல்ற நெஞ்சு உனக்கு இருக்கு, அது அந்தப் புரொபசருக்குக் கிடையாது. அதனாலதான் அவரு திறக்க விடாம நிறுத்தப் பார்க்கிறாரு.

அந்தக் காகிதத்துல கை வைக்காதே. மீறி வச்சா, உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தலைய நான்தான் வெட்டுவேன், ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு வெட்டுவேன், சொல்லிட்டேன்.

நல்லா இரு. நிமிந்து நில்லு. 

இப்படிக்கு,
வாய் தச்ச அண்ணன்

அம்மாடி, இது அண்ணி. அவரு கடைக்குப் போயிட்டாரு. அவருக்குப் படிக்கத் தெரியாதுங்கிறதால நான் உனக்கு ரகசியமா எழுதிடுவேன்னுதான நினைக்கிற? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா என்கிட்டயே சொல்லலம்மா அந்த மனுஷன். சாப்பாடு போடுறப்போ கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன், நல்லபடியாவும் கேட்டேன். உன் கையிலதான் பேனா இருக்கு, உனக்கும் கிடையாதுன்னுட்டாரு.

இவரக் கட்டின நாள்ல இருந்து நான் இவருக்கு சுவத்துல ஒட்டின படம் மாதிரிதான் தெரிஞ்சிருக்கேன்னு நீதான் ஒரு தடவ விளக்கிச் சொன்ன. இப்பவும் படந்தானா, இல்ல என் மூக்கு எழும்பி, முகம் முன்னால வந்து நிக்குதான்னு எனக்குத் தெரியணும். எதிர்லயே உக்காந்திருக்கேன், தெரியல. கையெழுத்து போட்டியோ, அது எனக்குத் தெரியாமலே போயிடும். அப்புறம் நானே அங்க கிளம்பி வந்துடுவேன். உனக்காக இல்ல, எனக்காகத் திற தாயே.