சிவப்புப் பூட்டின் சாவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் மகளும் சுகம். அங்கே குளிர் தொடங்கியதும் மாப்பிள்ளையின் வலது கை மறுபடி மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்திவிடாதே. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அது நல்ல காரணமா என்று எனக்கே நிச்சயமில்லை. நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். உன் அலுவலகத்தில் மகளுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாய். மாதக் கடைசிக்குள் அவள் அங்கே வந்து சேர வேண்டும். எலக்ட்ரீஷியன் பயிற்சியை இறுதித் தேர்வுக்கு முன்பே விட்டுவிடும்படி நான் அவளிடம் பக்குவமாகப் பேச வேண்டும். "நம்ம வீட்லேருந்து கரண்டுக்கு ஒரு கை குடுத்தது போதும்ப்பா" என்று முடித்திருந்தாய். அதைப் படித்த பிறகு நான் எப்படி மறுப்பேன்? பேசுகிறேன் என்று அன்றே போனில் உனக்கு வாக்குக் கொடுத்தேன்.

பேச முயலாமல் இல்லை. அவள் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது ஆரம்பிக்கலாம் என்று போய் நிற்பேன். "என்ன தாத்தா, எதையோ முழுங்கிட்ட மாதிரி நிக்கிறீங்க?" என்பாள். காபி போடட்டுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். நீ அனுப்பிய வாதங்களை வரிசைப்படுத்தி மனப்பாடம்கூடச் செய்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரிசை கலைந்துவிடுகிறது.

இதற்கிடையில் போன வாரம் ஒன்று நடந்தது. அதை மறைக்கலாமா என்றும் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவை நிலையம் ஒன்றில் அவளுக்கும் அவளுடைய மூத்த எலக்ட்ரீஷியனுக்கும் வேலை. உலர்த்தும் இயந்திரங்களுக்குப் புதுக் கேபிள் இழுக்கிறார்கள். தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அதில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவார்களாம். அவரவர் சாவி அவரவர் சட்டைப் பையில். யார் மாட்டினார்களோ அவர்தான் கழற்ற வேண்டும். உன் மகளுடையது சிவப்புப் பூட்டு. அன்று அவளுக்குக் காய்ச்சல் கண்டு (பயப்படாதே, அன்றிரவே இறங்கிவிட்டது) சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பூட்டை மறந்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பயிற்சிப் பள்ளி வகுப்புக்குப் போன பிறகு, சீருடையைத் துவைக்க எடுத்தேன். பையில் சிவப்பு நாடா கட்டிய சாவி. இது ஏன் இங்கே இருக்கிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சலவை நிலையத்து சூப்பர்வைசர். மூத்தவர் தன் பூட்டைக் கழற்றிவிட்டாராம். இவளுடையது மட்டும் தொங்குகிறது, ஓர் இயந்திரமும் ஓடவில்லை. பூட்டை வெட்டினால் மேலிடத்துக்கு எழுத வேண்டும், அதற்குள் மருத்துவமனையில் விரிக்கத் துணி இருக்காது என்றார்.

"பெரியவரே, உங்க பேத்தி மொத்த கட்டடத்தையும் பூட்டிட்டு வந்து தூங்கியிருக்கா. சாவியைக் குடுங்க, நான் தொறந்துக்கறேன். பேத்தி பூட்டினா என்ன, தாத்தா குடுத்தா என்ன, ஒரே குடும்பந்தானே?"

உனக்குத் தெரியும், ஆயுள் முழுவதும் நூலகத்தில் இருந்தவன் நான். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்தே பழக்கம். கை பாதி நீண்டும்விட்டது. பிறகு எப்படி மடங்கியது என்று தெரியவில்லை. "அவளே வந்து திறக்கட்டும்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, அப்படியானால் ஏறுங்கள் என்றார். ஒரு கையில் சாவி, மறு கையில் அவர் சட்டை. வழியெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

வகுப்பு வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு, தன் சைக்கிளில் எங்கள் பின்னாலேயே வந்தாள்.

அங்கே அழுக்குத் துணி மூட்டைகள்மேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேரே போய்ப் பூட்டைத் திறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வோர் இயந்திரத்தின் பின்னாலும் போய்க் குனிந்து பார்த்தாள். "யாராவது உள்ள இருக்கீங்களா? கரண்ட் போடப்போறேன்" என்று கூப்பிட்டாள். "அங்க யாரும்மா இருக்கப்போறா? காலைலேருந்து எல்லாரும் என் கண்ணு முன்னாலதான் உக்காந்திருக்காங்க" என்றார் சூப்பர்வைசர். யாரோ சிரித்தார்கள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கடைசி இயந்திரத்துக்கும் போய்க் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. அங்கே உண்மையில் யாரும் இல்லை. ஆனாலும் சற்று நேரம் காதைக் கொடுத்தபடி நின்றாள். பிறகுதான் வந்து பூட்டைத் திறந்தாள்.

அவள் அப்படி நின்ற நேரத்தில் எனக்கு அந்தப் பழைய விபத்துதான் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை கரண்டு வேலையாக ஏணிமேல் இருந்த அன்று சுவிட்சைப் போட்டவர் கெட்டவர் இல்லை, அம்மா. எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

பூட்டை மறந்ததற்காக அவளுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை நடந்தால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அது நியாயம்தான் என்கிறாள். பிறகு, "பெரியவர் பூனை மாதிரி இருக்காரு, ஆனா புடிச்சா விடமாட்டேங்கறாருன்னு சூப்பர்வைசர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு தாத்தா" என்று சிரித்தாள். நல்ல சந்தர்ப்பம், அப்போதாவது உன் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் தேர்வுக்காகப் பலகையில் வயரிங் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திருப்புளி கீழே விழும் சத்தம் கேட்டால் நான் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள்ளேயே பலமுறை போய்விட்டேன். பயம் எனக்கும் இருக்கிறது. உன்னைவிடக் குறைவு என்று சொல்லமாட்டேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நீயே அவளைக் கூப்பிட்டுப் பேசு. அதற்குமுன் ஒன்று கேட்கிறேன். அந்த விபத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் நாம் யாரும் பேசுவதில்லை. என்றாலும் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. முழுவதும் வேண்டாமென்றால், யாருமே இல்லாத இடத்திலும் அவருடைய மகள் கூப்பிட்டுவிட்டுக் காத்து நின்றாள் என்பதை மட்டுமாவது சொல். அவர் பாதியில் எழுந்து போனாலும் போகட்டும். அதன் பிறகும் அவள் வரத்தான் வேண்டும் என்று நீ சொன்னால், நானே ரயிலேற்றிவிடுகிறேன்.

அவர் கை மரப்பு தணியட்டும். நீ இன்றிரவாவது கண்ணயர்ந்து தூங்கு, மகளே.

உங்கள் மூவரையும் நினைத்தபடியே இருக்கும்,
அப்பா