வரவேற்புப் பாட்டில் ஒரு கோடு

என் செல்ல அக்காவுக்கு,

போன இடத்திலாவது உன்னை யாருக்கும் வரவேற்புப் பாட்டுப் பாடச் சொல்லாமல் விட்டார்களா? சொன்னால் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடு. இங்கே இருந்தபோதே அந்தப் பொய்யை ஒரு தடவை சொல்லியிருக்கலாம் நீ.

நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உன் சுருதிப்பெட்டிக்குள் நண்டு விட்டது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அது நான்தான். இனி நீ என் தலையில் குட்ட ஏலாது என்ற துணிவில் ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு அனலைதீவுக்குத் திரும்பினாய். நம் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. தொண்டையால் செய்வதால்தான் தொண்டர் என்று நான் பகிடி விடுவேன். நீயும் சிரிப்பாய். ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் எல்லாருடைய பெயரும் மையில் இருக்கும், கடைசியில் உன் பெயர் மட்டும் பென்சிலில். "நியமனம் வரட்டும், மையால எழுதுவினம்" என்று ஒவ்வொரு தைக்கும் சொன்னாய்.

சங்கீதம் படித்தவளுக்கு இங்கே என்னென்ன வேலை என்று எனக்கு இப்போது மனப்பாடம். காலையில் தேவாரம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு கீர்த்தனை. வள்ளத்தில் வந்து இறங்கும் அதிகாரிகளுக்கு வரவேற்புப் பாட்டு. மற்றப்படி உன் பாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள்.

உன் பாட்டுக் கொப்பியில் அந்த வரவேற்புப் பாட்டு எழுதி இருக்கிறது. பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. வருகிறவரின் பெயர் சின்னதென்றால் இழுப்பாய், பெரிதென்றால் நசுக்குவாய். எத்தனை பேரை அந்தக் கோட்டில் ஏற்றி இறக்கினாய்! அவர்களில் ஒருவராவது உன் பெயரை எங்கேயாவது எழுதினாரா?

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம். பள்ளியைப் பார்வையிட வர இருந்த அதிகாரியும் அன்றைக்கே வருவதாக ஏற்பாடு. ஒரே வள்ளம், இரண்டு வேலை. முந்தின நாள் பள்ளி அதிபர் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்கு அந்த வரவேற்புப் பாட்டைப் பாடவேணும். சின்னப் பிள்ளையளையும் சேர்த்துப் பழக்கும்."

"சேர், இது அக்காவின்ர அஞ்சலிக் கூட்டமெல்லோ?"

"அதுக்கென்ன? அவ பழக்கின பாட்டுத்தானே. அவவுக்கும் சந்தோசமாயிருக்கும்."

எதற்கும் வாய் காட்டுகிற நான் அன்று "ஓம் சேர்" என்றுவிட்டு, உன்னிடம் பாட்டுப் பழகிய பிள்ளைகளைத் தேடிப் போனேன்.

மறுநாள் கடல் அதிகாரியின் வயிற்றைப் பிரட்டிவிட்டது. துறையில் கால் வைத்ததும் வாந்தி. வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே வடைத் தட்டுக்கு வந்தார்.

உன் படத்துக்கு முன்னால் உன் பிள்ளைகள் நாங்கள் எட்டுப் பேர் நின்று பாடினோம். கோடு வந்த இடத்தில் "இசை ஆசிரியை யோகமலர் வருகவே" என்று உன் பெயரைப் போட்டோம். கிணற்றடியில் ஒளித்துப் பழகியது அது. அதிகாரியின் முகம் கறுக்க வேண்டும், அதிபருக்கு வியர்க்க வேண்டும், அதுதான் என் திட்டம். நடந்தது என்ன தெரியுமா? அதிகாரி எழும்பி நின்று, கைகூப்பி, எங்கள் வரவேற்பை ஏற்றுக்கொண்டார்! தன் பெயர் அதில் இல்லை என்பதுகூட அவர் காதில் விழவில்லை, அக்கா. பிறகு சங்கீத ஆசிரியத் தொழிலில் பெண் பிள்ளைகளுக்குப் பிரகாசமான எதிர்காலம் உண்டு என்று பேசினார். உன் படம் பக்கத்தில் இருக்க, எல்லாரும் கை தட்டினார்கள். சேற்றுக்குள் கை விட்டதுபோல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும், கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"எடியே, அவளைத்தானே கூப்பிட்டனீங்கள்?"

"ஓம் அம்மா."

"எனக்குக் கேட்டது."

திங்கட்கிழமை அதிபர் கூப்பிட்டார். ஏச்சு விழும் என்று ஆசையோடு போனேன்.

"பேரை மாத்திப்போட்டீர். பரவாயில்லை, பெரியவர் கவனிக்கேல்லை. உமக்கும் நல்ல குரல். சோதினை முடிய நீரும் தொண்டரா வரலாம். அக்காவின்ர இடம் காலியாத்தானே கிடக்கு."

மேசையில் பதிவேடு திறந்தபடி. உன் பெயர் இருந்த இடத்தில் அழிறப்பர் தூள். அதை ஊதிவிடக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

"காலியா இல்லை சேர், குப்பையாக் கிடக்கு" என்றுவிட்டு வந்தேன்.

வந்த கையோடு உன் கொப்பியைத் திறந்து, அந்தக் கோட்டின் மேல் உன் முழுப் பெயரையும் மையால் எழுதினேன். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கிறது. இனி எந்த வள்ளத்தில் எவர் வந்து இறங்கினாலும், எட்டுப் பேரும் அந்தப் பெயரைத்தான் பாடுவோம். நானும் சங்கீதம் படிக்கத்தான் போகிறேன். ஆனால் பென்சிலோடு எவராவது என் பெயருக்குக் கிட்ட வரட்டும் பார்ப்போம். அந்த நண்டின் மேல் சத்தியம்.

குட்டு வாங்காத தலையோடு,
உன் ஒரே தங்கச்சி
சுமதி