மூலை வீட்டுச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

அனுப்புநர்:
பள்ளி மாணவி (பெயரை எழுதவில்லை, மன்னிக்கவும்)
மூலை வீடு, கீழ்த்தளப் பின் அறை,
பழைய கடைத்தெரு.

பெறுநர்:
உதவித்தொகைப் பிரிவு அலுவலர் அவர்கள்,
பழங்கட்டடப் பாதுகாப்புத் துறை.

பொருள்: மேல்மாடிப் பின்சுவரில் உள்ள கண்ணாடியை நம்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். கோப்பிலும் சேர்க்க வேண்டாம். என் கையெழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1. தங்கள் உதவித்தொகையில் எங்கள் தெருவைப் புதுப்பிக்கிறார்கள். என் அப்பாதான் மேஸ்திரி. வேலை முடியும்வரை இந்த வீட்டின் கீழ் அறையில் தங்கியிருக்கிறோம். மேலே தையல்கார அக்கா கைக்குழந்தையோடு குடியிருக்கிறார். வீட்டின் முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசிப் பளபளவென்று இருக்கிறது. "மூஞ்சிக்குப் பவுடர் போட்டாச்சு, முதுகை யாரு தேய்ச்சு விடுவாங்க?" என்று அக்கா கேலி செய்வார்.

2. அக்கா வீட்டுப் பின்சுவரில் விரிசல் உண்டு. தங்கள் பொறியாளர் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார்.

3. கண்ணாடி உடைந்தது. அக்கா துணி கொடுக்கப் போயிருந்தபோது அப்பா பார்த்தார். வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் சொன்னதற்கு அவரோ, "வெளிய தெரிஞ்சா உதவித்தொகை நின்னுடும். அப்புறம் நீ வேற ஊர் பாத்துக்க, மேஸ்திரி" என்றார். அப்பா புதுக் கண்ணாடி ஒட்டினார். தேதி எழுத அவருக்குக் கை வரவில்லை. "உன் எழுத்தும் அந்த சார் எழுத்து மாதிரியே குண்டு குண்டா இருக்கும்மா" என்று என்னைக் கூப்பிட்டார். பழைய தேதியை நான் எழுதினேன். பழசாகத் தெரிய அதன்மேல் தூசியும் தடவினோம். அதுவும் உடைந்தது. மறுபடி எழுதினேன்.

4. தாங்களே ஒருநாள் நேரில் வந்தீர்கள். கண்ணாடியை விரலால் தட்டி, "அந்தக் காலத்துக் கட்டடம், அசையாது" என்றீர்கள். தங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது நான்தான். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். தாங்கள் சொன்னதை நம்பி அக்கா அன்றைக்கே குழந்தையின் கட்டிலை அந்தச் சுவரோரம் நகர்த்திப் போட்டார். அங்கேதான் காற்று வருமாம்.

5. என் அப்பா கெட்டவர் இல்லை, ஐயா. அவர் இப்போது அறையில் படுப்பதில்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் லாரி போனால் மேலே ஓடி, "குழந்தை தூங்குதாம்மா?" என்று கேட்கிறார். அக்கா சிரிக்கிறார். ஒப்பந்ததாரர் கூப்பிட்டு அப்பா இன்றிரவு வெளியே போயிருப்பதால்தான் இதை எழுத முடிகிறது.

6. ஆகவே, தாங்கள் யாருக்கும் சொல்லாமல் வந்து, கண்ணாடியில் உள்ள எழுத்தையும் இந்த மனுவின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு சாட்சி என்னிடம் இல்லை. முதலில் அக்காவையும் குழந்தையையும் வேறு இடத்தில் தங்க வையுங்கள். உதவித்தொகையை நிறுத்திவிடாமல் அந்தப் பின்சுவருக்கே செலவிடுங்கள். அப்பாவை மட்டும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இப்படித் தட்டமாட்டார். அக்காவின் குரல். "பாப்பா, முழிச்சிருக்கியா? மேல சுவத்துல என்னமோ சத்தம்" என்கிறார். குழந்தை அவர் கையில் இருக்கிறதா என்று தெரியவில்