திரையின் மேல்மூலையில் ஓர் அழுக்கு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். உன் சுகத்தை நீ அம்மாவுக்கு அனுப்பும் இரண்டு வரிச் செய்திகளிலிருந்து எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். உன் வாயால் கேட்டு ஒன்பது வாரம் ஆகிறது. இந்தக் கடிதம் வரும்போது நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, சரியாகச் சொன்னால் எனக்கு ஒரு கண் முழுச் சுகம், இன்னொரு கண் அடுத்த மாதம் சுகமாகும். பதறாதே. கடைசிவரை படித்து முடி, அதற்குள் போனைத் தூக்காதே. போனில் பேசினால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது, போன தடவை ஓடியதே போதும். கோடு போடாத தாளில்தான் எழுதுகிறேன், வரிகள் நேராகப் போகின்றனவா என்று பார். உன் பிறந்தநாள் அட்டையில் நான் எழுதியது மலையேறிப் போயிருந்ததே, அதற்குக் காரணமும் கீழே வருகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நான் மூன்று தடவை சரிசெய்து மூன்று தடவையும் கெடுத்த பிறகு அம்மாவே ஒரு ரப்பர் வளையம் வாங்கிவந்து பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டாள், அதிலிருந்து வீட்டில் அவள் ராஜ்யம்தான். நூலகத்தில் அவளைப் பிள்ளைகள் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், தொண்டை கட்டிக்கொண்டு வருகிறாள், ஆனால் முகத்தில் சிரிப்பு. மாடி வீட்டு நாய் இன்னும் என்னைக் கண்டால் மட்டும் குரைக்கிறது. நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரே ஒரு மாற்றம், லென்ஸ் தட்டை மேல் அலமாரியிலிருந்து கீழே இறக்கிவிட்டோம். உனக்கு ஏழு வயதில், விளிம்பு தேய்க்காத லென்ஸை எடுத்து விளையாடி வலது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டாயே, அன்று மேலே ஏற்றியது, இத்தனை வருடமும் நாற்காலி போட்டு ஏறித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது டாக்டர் ஏறாதே குனியாதே என்று சொல்லிவிட்டதால் அம்மா இறக்கி வைத்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ நாலு வருடம் வேலை பார்த்த அந்த வீடியோ கேம் வந்த அன்று நாங்கள் இருவரும் தலைகால் புரியாமல் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு டிவிக்கு முன் சினிமாக் கொட்டகை மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அம்மாதான் விளையாடினாள், எனக்கு அந்தப் பொத்தான்கள் பிடிபடவில்லை. மழை பெய்துகொண்டே இருக்கிற ஊர், அதில் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற பெண், தெருவிளக்கு வெளிச்சம் ஈரத் தரையில் நீளமாகக் கிடக்கிறது. நனைந்த செங்கல்லுக்கும் நனையாத செங்கல்லுக்கும் நிறம் வேறு. அம்மா தொடர்ந்து அடடா அடடா என்றுகொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் என்று அவள் உன்னிடம் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். மழைத்துளி திரையில் வழிந்தபோது எழுந்து போய்ச் சட்டைப்பையில் இருந்த லென்ஸ் துணியால் டிவியைத் துடைத்தேன். அம்மா, அது உள்ள இருக்குற தண்ணிங்க, உக்காருங்க என்றாள். அசடு வழிய உட்கார்ந்தேன். பாலத்துக்கு அடியில் விளக்கு நேர் எதிரே வந்தபோது வலது மேல்மூலையில் எண்ணெய்க் கை பட்டது போல ஓர் அழுக்கு மினுங்கியது, மறுபடி எழுந்து துடைத்தேன். போகவில்லை. வாயால் ஊதித் துடைத்தேன். போகவில்லை. அதற்குள் அம்மா சைக்கிளைக் கால்வாயில் விட்டுவிட்டாள், பழி என் மேல் விழுந்தது.

அன்று சாயங்காலம் நீ ஆசையாகப் போன் செய்தாய். எப்படிப்பா இருக்கு, உங்களுக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன், பாத்தீங்களா என்று கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிகிறது, படம் முழுக்க மணல் தூவியது போலப் பொடிப்பொடியாக இருக்கிறது, விளக்கைச் சுற்றி வளையம், தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல், இப்படி ஒரு கண்ணாடியை என் கடையில் கொடுத்தால் மூஞ்சியில் எறிவார்கள் என்றேன். நீ பொறுமையாக, சினிமா பாத்துப் பழகின கண்ணுப்பா, நடுவுல ஒரு கேமரா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நெஜமாவே எடுத்த மாதிரி இருக்கும், அந்த லென்ஸோட குறையையெல்லாம் வரையிறதுதான் என் வேலையே என்றாய். நான் விட்டேனா? அந்தப் பொண்ணு என்ன தலையில கேமராவைக் கட்டிக்கிட்டா சைக்கிள் ஓட்டுறா, முப்பத்தஞ்சு வருஷமா நான் துடைச்சுப் போட்ட குறையெல்லாம் நீ சம்பளம் வாங்கிக்கிட்டு வரையிறியா, மேல்மூலையில எவனோ கையை வச்சிருக்கான், அதைக்கூடப் பாக்காமலா வெளிய விட்டீங்க என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். சரிப்பா, வைக்கிறேன் என்றாய். மறுநாள் அம்மாவுக்கு ஒரு பட்டியல் அனுப்பினாய், நான் குறை சொன்னவற்றில் எதை எதை கேமுக்குள் எங்கே போய் நிறுத்த வேண்டும் என்று, எனக்கு ஒரு வரி இல்லை.

அம்மா அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பொடி போனது, ஓர நிறம் போனது, மேல்மூலை அழுக்கும் போனது. இப்ப தொடச்சு விட்ட கண்ணாடி மாதிரி இருக்கு என்றாள். எனக்கோ விளக்கைச் சுற்றி வளையம் அப்படியே இருந்தது. தூரம் அப்படியே மங்கலாக இருந்தது. இன்னும் ஏதோ ஒன்றை நிறுத்தாமல் விட்டிருக்கிறாய் என்று அவளிடம் சண்டை பிடித்தேன். அவள் பட்டியலை என் முன்னால் நீட்டினாள், அதை வாசிக்க ஜன்னல் பக்கம் போனேன். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உன்னுடைய கேம்தான் கோளாறு என்று பிடித்த பிடியில் நின்றேன்.

மூன்று வாரம் கழித்துக் கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார், உனக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்தவரேதான். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து படியெல்லாம் ஒரு பக்கம் சாஞ்சு தெரியுது, என் தலைதான் சாஞ்சு போச்சோ என்னவோ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வாங்கிச் சோதித்தேன். அவருடைய லென்ஸைப் பத்து டிகிரி திருப்பிப் பொருத்தியிருந்தேன். கருவியின் அளவுக்கோட்டைத் தப்பாகப் படித்திருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை அது, முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அவர் படியில் தவறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், வேறொரு கடையில் செய்யச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றே வேலை மேசையை மூடிவிட்டேன்.

கண் டாக்டரம்மாவிடம் போனேன். நான் இருபது வருடமாக ஆள் அனுப்புகிற அதே டாக்டரம்மா. விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். வெளக்கைச் சுத்தி வளையம் தெரியுது, தூரம் மங்குதுன்னு யாராவது சொன்னா கண்புரையா இருக்கும், உடனே போங்கன்னு எத்தனை பேரை நீங்களே இங்க அனுப்பியிருக்கீங்க, உங்களை மட்டும் ஏங்க யாரும் அனுப்பலை என்று கேட்டார். என் மகள் செய்த கேமில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் டாக்டர் என்றேன். அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றிவிட்டது, இடதில் முற்றிக்கொண்டிருக்கிறது. வலது கண்ணுக்கு நாலு வாரம் முன்பு ஆபரேஷன் முடிந்தது, வலி இல்லை, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவைக் கட்டிப்போட்டவன் நான்தான், அவள் மேல் கோபப்படாதே. கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது நம் கூடத்துச் சுவரை. வெளிர்மஞ்சள் என்று நான் நினைத்திருந்த சுவர் வெள்ளையாக இருந்தது. எப்ப வெள்ளை அடிச்சே என்று கேட்டேன். அம்மா, நாலு வருஷமா வெள்ளைதாங்க என்றாள்.

இப்போது கேள், போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கண் நன்றாக ஆறட்டும் என்று அதுவரை அம்மா கேம் பக்கமே விடவில்லை. உன் பட்டியலை எடுத்து, நிறுத்தியதையெல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி போடச் சொன்னேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். குட்டிம்மா, எவ்வளவு செய்திருக்கிறாய் நீ! அந்தப் பெண் தலையைத் திருப்பும்போது பின்னால் தெரு கொஞ்சம் மங்கி, பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தெளிகிறதே, அது சினிமாவில் ஒருவர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே மழையில் ஓடி வருவது போல இருந்தது. அவள் தனியாகப் போகவில்லை, கூட யாரோ வருகிறார்கள் என்று தோன்றியது. நீ சொன்னது அப்போதுதான் புரிந்தது. நடுவில் ஒரு லென்ஸ் இருக்கிறது என்றால் அந்த லென்ஸுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், இது எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்துக்கு அடியில் விளக்கு எதிரே வந்தது. வலது மேல்மூலையில் அதே அழுக்கு மினுங்கியது. பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போய்த் துணியை எடுத்துவிட்டது. எழுந்து கிட்டத்தில் போனேன், அம்மாவை சைக்கிளை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அது எண்ணெய் அழுக்கு இல்லை. கைரேகை. கோடு கோடாகச் சுழி, ஒரு கட்டைவிரல், அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. அந்த வெட்டை எனக்குத் தெரியாதா? ஏழு வயதிலிருந்து நீ கல்லூரிக்குப் போகும்வரை என் கடையில் எந்த லென்ஸில் கைபட்டிருந்தாலும் விளக்கில் தூக்கிப் பார்ப்பேன், குறுக்கே கோடு இருக்கும், நீ பின்னால் நின்றுகொண்டு நான் இல்லப்பா என்பாய். ஆயிரம் தடவை துடைத்திருப்பேன் அந்த விரலை. உலகத்தில் இந்த கேமை விளையாடுகிற அத்தனை பேரும் உன் கட்டைவிரல் வழியாகத்தான் அந்த மழையைப் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வைத்தாய், நான் எவனோ கை வச்சிருக்கான் என்றேன். துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அம்மா பின்னாலிருந்து, என்னங்க, இன்னும் அழுக்கா என்று கேட்டாள். அழுக்கு இல்ல, நம்ம பொண்ணு என்றேன். கண்ணைத் துடைக்கப் புறங்கையைத் தூக்கினேன். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, புதுக் கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க என்று அதட்டினாள், அதட்டிய அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

மகளிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மன்னித்துக்கொள் குட்டிம்மா. கண் தெரியாமல் பேசினேன் என்று சாக்குச் சொல்ல முடியும், ஆனால் கண் மங்கியது கண்ணின் குறை, பேசியது நாக்கின் குறை, அதற்கு ஆபரேஷன் இல்லை. அதற்காக எல்லாவற்றையும் பாராட்டிவிடுவேன் என்று நினைக்காதே. வேகமாகப் போகும்போது தெரு கலங்குவது கொஞ்சம் அதிகம், அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்கிற அந்த இடத்தை கேமுக்குள் எங்கோ அடியில் ஒளித்துவைக்காமல் முன்பக்கத்திலேயே வைக்கச் சொல் உன் ஆட்களிடம். பொடி தூவியதும் பாதி போதும். இது கண்ணாடிக்காரனாகச் சொல்வது, கோபத்தில் சொல்வதல்ல. இப்படி நாள் முழுக்கத் திரையையே பார்க்கிற உனக்கும் ஒன்று சொல்கிறேன், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார், கண்ணை இமை, தண்ணீர் குடி. வருடத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள், அங்கே உன்னை அனுப்பிவைக்க ஆள் இல்லை என்று என்னைப் போல இருந்துவிடாதே.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் பதினான்காம் தேதி. நீ வர வேண்டாம், டிக்கெட் பார்க்க ஆரம்பிக்காதே, அன்று போன் செய்தால் போதும். எடுப்பது நான்தான், இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்பேன். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடிந்து, உடம்பும் மனசும் தெளிவாக, நீண்ட நாள் நன்றாக இரு. அம்மாவும் அவள் பங்குக்கு வாழ்த்தச் சொன்னாள், கூடவே கேமில் மூன்றாவது ஊருக்குப் போக அந்தப் படகை எப்படிக் கிளப்புவது என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆபரேஷன் எல்லாம் முடிந்ததும் லென்ஸ் தட்டை மறுபடி மேலே ஏற்றிவிடலாமா என்று நேற்று அம்மா கேட்டாள். வேண்டாம், கீழேயே இருக்கட்டும், அவள் வந்தால் கை வைக்க எட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
துணியைப் பைக்குள் வைத்துவிட்ட
உன் அப்பா