ஒற்றை ஆள் பார்க்கும் வேலை

மார்ச் 4, புதன்

ஏழாவது ஆளும் வேலைக்கு வர மாட்டாராம். காலை 9.40-க்கு அவருடைய மின்னஞ்சல்: "வாய்ப்புக்கு நன்றி. விலகிக்கொள்கிறேன்." பதினாறு வருட அனுபவம். நான்கு சுற்று நேர்காணலையும் முடித்துவிட்டு விலகுகிறார்.

ஆள் எடுக்கும் பிரிவில் எனக்கு இது பதினோராவது வருடம். ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்பு வந்தால் எந்த வண்டி போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் எங்களுடையது. அதை முழுக்கத் தெரிந்தவர் இப்போது ஒருவர்தான், அக்காவின் கணவர். கூட இருந்த இருவரும் போன வருடமே கிளம்பிவிட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் இந்த ஏழு பேரையும் பார்த்தோம்.

மார்ச் 5, வியாழன்

அத்தானுக்கு இடது கண் விழித்திரையில் ரத்தக் கசிவு. மருத்துவர் எழுதியதை அக்கா ஃபோனில் வாசித்தாள்: பதினைந்தாம் தேதிக்குள் அறுவை சிகிச்சை. பிறகு பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது.

"பத்து நாள் இவர் லேப்டாப்பைத் தொடலைன்னா உங்க கம்பெனி மூழ்கிடுமா?"

"கம்பெனி மூழ்கினா மூழ்கட்டும்க்கா. வண்டி போகாதே."

"அப்ப ஆளைப் போடுடி. அதானே உன் வேலை?"

அதுதானே என் வேலை.

மார்ச் 6, வெள்ளி

இயக்குநர் அறையில் கூட்டம். முடிவானவை: புது காபி மெஷின், டேபிள் டென்னிஸ் மேஜை, சாய்வு சோபா. "சீனியர் ஆளுங்களை இழுக்க ஆபீஸ் கலகலன்னு இருக்கணும்" என்றார்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சோபா வாங்குங்க சார். நான் வீட்டுக்குப் போறதை நிறுத்திடறேன்" என்றார்.



மார்ச் 9, திங்கள்

விலகிய ஏழு பேரையும் நானே கூப்பிட்டேன். ஐந்து பேர் எடுத்தார்கள். சம்பளத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஐவரும் கேட்டது ஒன்றுதான் — இப்போது இந்த வேலையைப் பார்ப்பவரிடம் ஏன் பேச விடவில்லை?

அது இயக்குநர் உத்தரவு. அத்தான் உள்ளதைச் சொல்லிவிடுவார், வருகிறவர் ஓடிவிடுவார் என்ற பயம். ஆனால் "அவர் விடுப்பில் இருக்கிறார்" என்று ஏழு பேரிடமும் சொன்னது நான்.

பத்தொன்பது வருட அனுபவமுள்ள ஒரு பெண்மணி கேட்டார்: "வீடியோ கால்ல உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் யாருக்கோ வண்டி நம்பரா சொல்லிட்டிருந்தார். லீவுல இருக்கிறவர் அவர்தானேங்க?"

ஆமாம் என்றேன்.

"ஆள் இல்லாத இடத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடுவாங்க. அது தெரியாதா எங்களுக்கு? நீங்க மறைச்சதாலதான் வேண்டாம்னேன்."

மார்ச் 10, செவ்வாய்

இயக்குநரைக் கேட்கவில்லை. அந்தப் பெண்மணியை அத்தானோடு பேச வைத்துவிட்டு வெளியே நின்றேன். இரண்டு மணி நேரம்.

பேசி முடித்து அத்தான் வெளியே வந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. சிஸ்டத்துல எது அடிக்கடி படுத்துக்கும், எங்கெங்க ஒட்டுப் போட்டு வச்சிருக்கேன், எல்லாம். கூட இன்னொரு ஆள் போட்டா வர்றாங்களாம். ஒத்தையா பார்க்க மாட்டாங்களாம். கெட்டிக்காரி."

மார்ச் 12, வியாழன்

இரண்டு ஆள் எடுக்கலாமா என்று கேட்டேன். இயக்குநர் "பார்க்கலாம்" என்றார். எப்போது?

மார்ச் 14, சனி

நாளையோடு கெடு முடிகிறது. அத்தான் இன்னும் சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. "நீங்க போய்ப் படுங்க அத்தான், நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நீ என்னத்தைப் பார்ப்பே? வண்டி வராத வீட்டுக்கு மன்னிப்பு மெயில் போடுவியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்ச் 18, புதன்

அத்தான் அலுவலகப் படியில் விழுந்தார். இடது பக்கம் படி இருப்பதே தெரியவில்லையாம்.

மார்ச் 19, வியாழன்

அத்தானுக்குக் கண்ணில் அவசர அறுவை சிகிச்சை. அவர் உள்ளே இருந்தபோது மென்பொருள் நாற்பது நிமிடம் நின்று, பிறகு தானாகவே ஓடியது. அதுவரை கட்டுப்பாட்டு அறையில் காகிதத்தில் எழுதி வண்டி அனுப்பினார்கள். யாருக்கும் பாதிப்பில்லை என்கிறார் அங்குள்ள அதிகாரி. நம்பத்தான் வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

இடது கண்ணில் பார்வை திரும்பாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அக்கா வாசிக்கவில்லை. என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு ஆள் எடுக்கும் உத்தரவில் இயக்குநர் இன்று மாலை கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்மணிக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. யாரையும் கேட்காமல் அதில் இரண்டு வரி சேர்த்தேன்: இந்த வேலையை இன்று பார்ப்பவர் யாருமில்லை, முன்பு பார்த்தவர் வீட்டில் குப்புறப் படுத்திருக்கிறார், அவர் மனைவியின் எண்ணில் பேசலாம்.

அத்தானின் வலது கண்ணிலும் கசிவு இருக்கிறதா என்ற பரிசோதனையின் முடிவு வியாழக்கிழமை. கடிதத்துக்குப் பதில் வெள்ளிக்குள் சொல்வதாக அந்தப் பெண்மணி எழுதியிருக்கிறார்.