இருபத்தெட்டு இறாத்தல்

இன்று காலை மகளின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போயிருந்தேன். இரண்டு கிழமை காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளை. அப்போதிக்கரி அவனைத் தராசுத் தட்டில் இருத்தினார். முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றது. இருபத்தெட்டு இறாத்தல், இனிப் பயமில்லை என்றார் அவர். மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் வெளியே வந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதைக் குடிக்க முடியவில்லை.

நண்பரே, நீர் போய் எட்டு மாதம் ஆகிறது. உமக்கு எழுத வேண்டியதை எழுதப் பதினெட்டு வருடம் கிடைத்தும் எழுதாதவன், இனி வாசிக்க முடியாத உமக்கு இன்று எழுதுகிறேன்.

தலைமன்னார் இறங்குதுறையில் உமக்குத் தந்திக் கந்தோர். எனக்குப் பக்கத்து அறையில் கப்பலுக்குப் போகும் சாமான்களை நிறுத்துச் சீட்டெழுதும் வேலை. நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும். நீர் தந்தி அடிக்கும் சத்தத்தைக் கேட்டே அன்றைக்கு உமக்கு நல்ல மனநிலையா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

புதுச்சேரியிலிருந்து வந்த அந்தப் பிரெஞ்சுச் சீமாட்டி உம்முடைய கந்தோர் வாசலில் நின்று அழுததை நானும் பார்த்தேன். கொழும்பில் கப்பலேறித் தன் ஊருக்குப் போகிறவள். கூடையில் ஒரு நாய்க்குட்டி, தலை தூக்க முடியாமல் கிடந்தது. வழியிலேயே செத்துவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. நீர் தந்தியை அடித்து முடித்துவிட்டு, விருப்பமென்றால் என்னிடம் விட்டுப் போங்கள் என்று இங்கிலீசில் சொன்னீர். அவள் குட்டியையும் அதன் வம்சத்தை எழுதிய தாளையும் உம்முடைய மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயிலுக்கு நடந்தாள்.

ஆட்டுப்பாலில் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்து அதைப் பிழைக்க வைத்தீர். சேதி சொல்லி எழுதிய கடிதத்துக்கு, இனி அது உம்முடையதுதான் என்று அவளிடமிருந்து பதில் வந்தது. அவள் வைத்த பெயர் பிஜூ. உம்முடைய மனைவியின் வாயில் அது பிச்சு ஆகிவிட்டது.

அப்படியொரு நாயை மன்னாரில் யாரும் கண்டதில்லை. குட்டைக் கால், அகன்ற நெஞ்சு, உள்ளே அமுக்கியது போன்ற மூக்கு, கரிய உடம்பில் பழுப்பு வரி, நிமிர்ந்து நிற்கும் பெரிய காதுகள். வௌவாலுக்கும் பன்றிக்கும் பிறந்தது என்று துறைமுகத்துக் கூலிகள் சிரிப்பார்கள். மதிய வெயிலில் அவனை வெளியே விடமாட்டீர். "அவனுக்கு மூக்கு இல்லை ஐசே. அவன்ர மூச்சை நாங்கள்தான் பாத்துக்கொள்ளோணும்" என்பீர். உம்முடைய கதிரைக்குக் கீழே ஈரச்சாக்கு விரித்திருக்கும். நீர் தந்தி அடிக்கத் தொடங்கியதும் அவன் காதுகள் விறைத்து நிற்கும்.

கப்பலில் யாரோ விட்டுப்போன இங்கிலீசுப் பத்திரிகையில்தான் சென்னைக் கண்காட்சியைப் பற்றி வாசித்தீர். இந்தியா, இலங்கை, பர்மா என்று பல தேசத்து நாய்கள் வருகிற இடம். உமக்குப் பரிசில் ஆசை இருக்கவில்லை. இந்தச் சாதியைத் தெரிந்த ஒருவர் பிச்சுவை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்து நல்ல நாய் என்று சொன்னால் போதும் என்றீர். ஆசைப்பட்டது நான். நீர் லீவு கேட்டுப் போனபோது, தந்திக்காரன் நாய்க் கண்காட்சிக்குப் போனால் தன் நாய்தான் வந்து தந்தி அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே துரை கையெழுத்துப் போட்டான். கந்தோரே சிரித்தது. நீரும் சேர்ந்து சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து துரையின் கண்ணெதிரே வைக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. இந்தச் சாதி நாய் இருபத்தெட்டு இறாத்தலுக்கு மேல் இருந்தால் போட்டி வளையத்துக்குள் விடமாட்டார்கள். புறப்பட நான்கு நாள் இருக்கையில் என் தராசில் வைத்துப் பார்த்தோம். இருபத்தொன்பதரை.

"பரவாயில்லை ஐசே, விடுவம்" என்றீர்.

நான் விடவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் நான்கு நாளில் இறங்கிவிடும் என்று வாதாடினேன். கடைசியில், "சாப்பாட்டைக் குறைப்பம். தண்ணியில கை வைக்கேலாது" என்று சம்மதித்தீர். புறப்படும் காலையில் முள் இன்னும் இருபத்தெட்டே முக்காலில் நின்றது. மிச்சம் வழியில் இறங்கிவிடும் என்றேன். பிச்சுவுக்கு ஒரு கோப்பை தண்ணீர் வைத்தீர். அவன் குடித்து முடிக்கும்வரை குந்தியிருந்து பார்த்தீர். சென்னையில் நிறுத்து முடியும்வரை அவனுக்குக் கிடைக்கப்போகும் கடைசித் தண்ணீர் அதுதான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கப்பலில் நாய்ப்பெட்டி பின்தளத்தில். ரயிலில் கார்ட்டின் வண்டியில். அந்த ஆட்களெல்லாம் எனக்குப் பழக்கமானபடியால், அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். நீர் தண்ணீர்ப் போத்தலை என் கையில் தந்தீர். முசலிப் பக்கத்து மாலுமி காசிம் நாய்ப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, வாயில்லாச் சீவன். நாக்கு காயுது, பாருங்கோ" என்றார். இப்போதுதான் குடித்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முதல் பொய் அவருக்கு.

தனுஷ்கோடியில் ரயில் ஏறினோம். பாம்பன் தாண்டி ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் போத்தலோடு இறங்கிப் போவேன். கம்பிக்குப் பின்னால் பிச்சு எழுந்து நிற்பான். போத்தல் ஆடும் சத்தம் அவனுக்குத் தெரியும். நான் மறுபக்கம் திரும்பித் தண்டவாளத்துச் சல்லியில் தண்ணீரை ஊற்றுவேன். வெற்றுப் போத்தலோடு திரும்பி வந்தால் நீர் ஜன்னலால் தலையை நீட்டிக் காத்திருப்பீர்.

"குடிச்சவனே?"

"ஓம். நல்லாக் குடிச்சவன்."

நீர் நிம்மதியாகச் சாய்ந்து கொள்வீர். நாளைக் காலை நிறுத்து முடிந்த கையோடு வயிறு நிறையக் கொடுத்துவிடலாம், ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை உண்மையாகவே நம்பினேன். ஆனாலும் அந்த நம்பிக்கையை உமக்கு முன்னால் எடுத்து வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதிலிருந்தே நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

சென்னையில் இருபத்தேழே முக்கால். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் தேடி ஓடுவதற்குள் உம்முடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாசி வெயிலில் ஏழெட்டு நாய்களோடு நீரும் வரிசையில் நின்றீர். மற்றவர்கள் எல்லாம் துரைமாரும் சீமாட்டிகளும். உம்முடைய கோட்டு கந்தோருக்குப் போடுகிற அதே கோட்டு. நடுவர் ஒரு வயதான வெள்ளைக்காரி. அவள் உமக்கு முன்னால் வந்தபோது பிச்சு தலை தொங்கி நின்றான். நீர் கையில் கட்டிய எண் அட்டையில் நகத்தால் தந்தி போலத் தட்டினீர். அந்த நிலையிலும் அவன் தலையை நிமிர்த்தினான். இரண்டு காதும் விறைத்து நின்றன. அவள் சிரித்துவிட்டாள். பல்லைப் பார்த்தாள், மண்டையைத் தடவினாள், நடக்கச் சொன்னாள். இப்படிப்பட்ட காதைப் பாரிசில் பார்த்தது, இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை என்றாள். கோப்பையை உம்மிடம் கொடுத்தபோது நீர் அதைப் பார்க்கவேயில்லை. உமக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டீர்.

கூடாரத்துக்கு வந்ததும் அவன் சரிந்தான். தண்ணீர் வைத்தோம், ஆவேசமாகக் குடித்து எல்லாவற்றையும் கக்கினான். நீர் ஐஸ் கட்டி வாங்கி வந்து உம்முடைய சால்வையில் சுற்றி அவன் நெஞ்சில் வைத்தீர். மிருக வைத்தியர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரமாகத் தண்ணீர் இல்லாமல் இருந்தது என்று கேட்டார்.

நீர்தான் பதில் சொன்னீர். வழி முழுக்கக் குடித்தான், என் நண்பர் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிக் கொடுத்தார் என்றீர். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்.

வாயைத் திறந்திருக்க வேண்டியது அப்போதுதான். திறந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். நான் தலையை ஆட்டினேன். அப்படியென்றால் இருதயமாக இருக்கும் என்று அவர் ஏதோ துளிகள் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் கார்ட் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனை உம்முடைய மடியில் வைத்திருக்க விட்டார். மறுநாள் மண்டபம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறும்போது உம்முடைய விரல் அவன் காதுக்குப் பக்கத்தில் கதிரைப் பலகையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாலம் முடியும்போது நின்றுவிட்டது.

செத்த நாயைக் கப்பலில் ஏற்றமாட்டோம் என்றார்கள். தனுஷ்கோடி மணலில் காசிம்தான் குழி தோண்டினார். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நீர் அந்தச் சால்வையோடே அவனை இறக்கினீர். கப்பல் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்.

"என்ர ஆசைதான் அவனைக் கொன்றது. நீராவது அவனுக்குத் தண்ணி குடுத்தீர் ஐசே."

கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னீர், நான்தான் கொண்டுபோய்க் கொன்றேன் என்று. தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு சீட்டெழுதினேன். துரை கோப்பையைப் பார்த்து உமக்குக் கைகொடுத்தான். அந்தக் கணத்துக்காகத்தான் எல்லாம் செய்தேன், அது என்னைத் தொடவேயில்லை. உமக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்த நாளில் ரயில் வரும்வரை ஒன்றாக நின்றோம். சொல்லலாம் என்று இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன். நீர் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டீர். பிறகு வருடத்துக்கொரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் பதிலில் மழையையும் விலைவாசியையும் எழுதினேன்.

செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. யுத்தகாலத்து ரயிலில் இடமில்லை என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். உண்மையில் உம்முடைய முகத்தைப் பார்க்கப் பயம். போன மாதம்தான் புறப்பட்டுப் போனேன். உம்முடைய மனைவி கோப்பி தந்துவிட்டு எதிரே இருந்தார். நான் போத்தலில் தொடங்கி மிருக வைத்தியர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"பிள்ளையள் சின்னனில ஒரு நாய்க்குட்டி கேட்டு எவ்வளவு அழுததுகள் தெரியுமோ அண்ணை" என்றார். "அவர் விடேல்லை. என்ர கையில ஒரு உயிரை நம்பித் தராதேங்கோ எண்டுவார். கடைசி மட்டும் அப்பிடித்தான். நீங்கள் இதை அவர் இருக்கேக்க வந்து சொல்லியிருக்கலாம்."

கோபமில்லாமல்தான் சொன்னார். வாசல்வரை வந்து, ரயிலுக்கு நேரமாகிறது, பார்த்துப் போங்கோ என்றும் சொன்னார். வந்து சொல்லியிருக்கலாம் என்ற அந்த வார்த்தையோடுதான் மன்னாருக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாயின் உயிரை எடுத்தேன் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உமக்கு உம்மீது இருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். திருப்பித் தர நீர் இல்லை. நான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.